லைன் இப்ப வரும்

எங்கள் ஒழுங்கையில் ஒரு மனுசர் இருந்தார். வந்த ஆள் எழும்பிப் போவது அவருக்குப் பிடிக்காது. இதைச் சொன்னால், யாருக்குத்தான் பிடிக்கும் என்று கேட்பார்கள். அப்படியில்லை. வந்தவர் போனால் நமக்கெல்லாம் ஒரு சின்னக் கவலை வரும், பிறகு நம் வேலையைப் பார்ப்போம். சிலவேளை போனாரே என்று நிம்மதியும் வரும். அவருக்கு அது உடம்பிலேயே இருந்தது. நீங்கள் எழும்புவதற்குக் காலை ஊன்றினாலே போதும், வயிற்றில் குத்து எடுத்தவர் மாதிரி முகம் ஆகிவிடும்.

சாய்ந்தமருதில் பெரிய வீதியிலிருந்து கடற்கரைக்கு இறங்குகிற ஒழுங்கை அது. அதன் முகப்பில் அவருடைய வீடு. வீட்டு மதிலோடு ஒட்டிச் சைக்கிள் திருத்துகிற கடை. கடல் வந்து ஊரை அள்ளிக்கொண்டு போன பிறகுதான் அவர் இப்படி ஆனார் என்று சிலர் சொல்வார்கள். இல்லை. அதற்கு முதலும் இப்படித்தான். நான் அறிந்த நாளிலிருந்து இப்படித்தான்.

நான் அந்தக் காலத்தில் மீன் வியாபாரம். விடிய வெள்ளணக் கடற்கரையில் மீன் எடுத்து, பெட்டியைச் சைக்கிளில் கட்டிக்கொண்டு சொறிக்கல்முனைப் பக்கம் போவேன். வயல்காரச் சனங்கள், வீட்டுக்கு வீடு வாங்குவார்கள். வெயில் ஏற முன்னம் போய்ச் சேர்ந்தால்தான் மீனுக்கு மரியாதை. ஒருநாள் பெட்டி நிறையக் கீரி மீன். ஒழுங்கை முகப்புக்கு வரும்போது பின் சில்லில் காற்று இல்லை. வேறு வழியில்லாமல் அவருடைய கடையில் இறங்கினேன்.

ஓட்டையை ஒட்டுவது அவருக்குப் பெரிய வேலையில்லை. கை நல்ல சுறுக்கு. ஆனால் அவரிடம் ஒரு பழக்கம். சில்லைக் கழற்றியதும் ஒரு நட்டை எடுத்துச் சட்டைப் பைக்குள் போட்டுக்கொள்வார். அது அவருடைய பைக்குள் இருக்கும்வரை நீங்கள் எங்கும் போக முடியாது. ஊர்க் கதை, பள்ளிவாசல் கதை, யாருடைய கலியாணத்தில் யார் கோபித்துக்கொண்டு சாப்பிடாமல் போனார்கள் என்கிற கதை, எல்லாம் முடிந்த பிறகுதான் நட்டு வெளியே வரும். அன்றைக்கும் ஒட்டி முடிந்து, சில்லும் பூட்டி, நட்டுக்குத்தான் காவல். வெயில் சுவரில் இறங்கிக்கொண்டிருக்கிறது. பெட்டிக்குள் ஐஸ் உருகி நிலத்தில் ஓடுகிறது. நான் பொறுத்துப் பார்த்துவிட்டு, மீன் பழுதாகுது மச்சான் என்றேன்.

"மீன் செத்துத்தானே கிடக்கு. அது எங்க போகப்போகுது? நீங்க உசிரோட இரிக்கிற ஆள். இரிங்க, தேத்தண்ணி வருது."

தேத்தண்ணீர் வந்தது. அதையும் குடித்துவிட்டு நான் சொறிக்கல்முனைக்குப் போய்ச் சேர உச்சி வெயில், லுஹருக்குப் பாங்கு சொல்லுகிற நேரம். அங்கே எனக்கு வழமையாக மீன் எடுக்கிற ஒரு மனுசி, தமிழ் ஆள், வாய் கொஞ்சம் நீளம், என்னை அண்ணன் முறையில் காக்கா என்பா. பெட்டியைத் திறந்து பார்த்துவிட்டு மூக்கைப் பொத்திக்கொண்டு கேட்டா:

"என்ன காக்கா, இந்த மீன் கடலில இரிந்து இஞ்ச மட்டும் நடந்தா வந்தது?"

அன்றைய மீன் முழுவதும் வாய்க்காலுக்குள் போனது. திரும்பி வரும்போது அவரை நன்றாக ஏசிவிட்டுப் போக வேண்டும் என்றுதான் வந்தேன். கடையில் ஆளில்லை, தனியே இருந்தார். என்னைக் கண்டதும் அந்த முகத்தில் வந்த சிரிப்பைப் பார்த்துவிட்டு ஏச வாய் வரவில்லை. இறங்கி இருந்தேன். பின்னேரத்து அஸர் தொழுகை வரைக்கும் இருந்தேன் என்று நினைக்கிறேன்.

பள்ளிவாசலிலும் இதே கதைதான். தொழுதுவிட்டு ஸலாம் சொல்லிக் கை கொடுத்தால், கொடுத்த கையைத் திருப்பித் தரமாட்டார். இரண்டு கையாலும் பொத்திப் பிடித்துக்கொண்டு, சுகமா, மகன் கடிதம் போட்டானா, ஆட்டுக்குட்டி என்னவாம் என்று கேட்டுக்கொண்டே நிற்பார். விளங்கியவர்கள் கையைக் கொடுக்காமல் நெஞ்சில் வைத்துத் தலையை ஆட்டிவிட்டு நழுவிவிடுவார்கள். அவர் அதற்கும் கோபிக்கமாட்டார். அடுத்த ஆளைப் பார்ப்பார்.

அவருடைய பெண்சாதி அதிகம் கதைக்காத மனுசி. கடைப் பக்கம் சைக்கிள் மணி கேட்டால் கேத்தலை அடுப்பில் வைப்பா, அவ்வளவுதான். வீட்டுக்கு வந்தவர்கள் போகும்போது தங்கள் செருப்பைத்தான் முதலில் தேட வேண்டும் என்று சொல்லிச் சிரிப்பா. அதுவும் பொய்யில்லை. மகளுக்கு மாப்பிள்ளை பேச மருதமுனையிலிருந்து ஆட்கள் வந்தார்கள். மழைக் காலம். பெரியவர்களுடைய செருப்பெல்லாம் சேறு. கழுவித் தாறேன் என்று இவர் எடுத்துக்கொண்டு போனவர், கழுவிக் கோழிக் கூட்டுக்கு மேலே காயவைத்துவிட்டார். வந்தவர்கள் ஒரு சொல் பேசிவிட்டுக் கல்முனையில் இன்னொரு வீட்டையும் பார்க்கப் போக இருந்தவர்கள். செருப்புக் காயாமல் எப்படிப் போவது? பகல் சாப்பாடும் முடிந்தது, சம்பந்தமும் முடிந்தது. அந்த மற்ற வீட்டை அவர்கள் பார்க்கவேயில்லை.

எங்கள் பக்கத்தில் மகளுக்குக் கலியாணம் என்றால் வீடு மகளுக்கு. மாப்பிள்ளை அங்கே வந்து குடியிருப்பார். தாயும் தகப்பனும் ஒதுங்கிக்கொள்ள வேண்டியதுதான். கட்டின வீட்டை எழுதிக் கொடுத்துவிட்டுப் பின்பக்கத்து அறைக்குப் போகிற தகப்பன்மார் அழுததை நான் கண்டிருக்கிறேன். நானும் அழுதவன்தான், அது வேறு கதை. இவர் அழவில்லை. இவ்வளவு சந்தோசமாக வீட்டைக் கொடுத்த மனுசரை நான் காணவில்லை. ஒரு ஆள் வீட்டுக்கு வந்து, போகாமல் இருக்கப்போகிறார் என்றால், அவருக்கு அதைவிட வேறு என்ன வேண்டும்? கடையோடு ஒட்டிய சின்ன அறையில் புருசனும் பெண்சாதியும் ஒதுங்கிக்கொண்டார்கள். பேரப்பிள்ளைகள் பிறந்தார்கள். மருமகன் நல்ல பிள்ளை. அவருக்கு அது நல்ல காலம். அந்த வருடங்களில் எனக்கு ஓட்டை ஒட்டி, நட்டையும் பூட்டி, உடனே அனுப்பிய நாட்களும் உண்டு.

பெண்சாதி மவுத்தாகி அடக்கின பிறகும் அந்த வீட்டில் சத்தத்துக்குக் குறைவில்லை. கொரோனா வந்து பள்ளிக்கூடங்களைப் பூட்டிய நேரம், பிள்ளைகள் வீட்டிலிருந்து போனில் படிக்க வேண்டும் என்று மருமகன் வைஃபை லைன் எடுத்தார். மாமனார் பெயரில்தான் எடுத்தது, வீட்டில் எந்த நேரமும் இருக்கிற ஆள் அவர்தானே. வெள்ளைப் பெட்டி ஒன்றை நடு அறையில் சுவரில் அறைந்துவிட்டுப் போனார்கள். நாலைந்து பச்சை வெளிச்சம் மினுங்கும். இவர் அதற்குக் கீழே கதிரையைப் போட்டுக்கொண்டு இருப்பார். அது எப்படி வேலை செய்கிறது என்று கேட்கவில்லை. ஒழுங்கையில் நிற்கிற பிள்ளைகள் போனைத் தூக்கிக்கொண்டு மதிலோடு ஒட்டி ஒட்டி வருவதைத்தான் அவர் கண்டார். அதற்குப் பிறகு அந்தப் பெட்டி அவருக்கு எல்லாவற்றையும்விடப் பெரிய சாமான் ஆகிவிட்டது.

பிறகு மருமகனுக்குக் கட்டாரில் நல்ல வேலை கிடைத்தது. குடும்பத்தையும் கூட்டிக்கொண்டு போகலாமாம். இவரையும் கூப்பிட்டார்கள். இந்த வயதில் என்னால் ஏலாது என்றுவிட்டார். வான் வந்து நின்றது. பெட்டியெல்லாம் ஏற்றி, எல்லாரும் ஏறி, கதவு சாத்துகிற நேரம் பின் சில்லுக்குக் காற்றுக் குறைவு என்றார். பம்பை எடுத்து வருகிறேன் என்று கடைக்குள் போனவர் வரவில்லை. சாரதி எங்கள் ஊர்ப் பொடியன், இவரை அறிந்தவன். இது சைக்கிள் இல்லை காக்கா என்று சத்தம் போட்டுச் சொல்லிவிட்டு வானை எடுத்துவிட்டான். இவர் வெளியே வரும்போது கையில் பம்பும் இருந்தது, குழாயும் இருந்தது. அதை நான் கண்ணால் கண்டேன்.

வீடு பெரிது. ஆள் ஒன்று. ஆனால் லைன் இருந்தது. பிள்ளைகளோடு முகம் பார்த்துக் கதைப்பதற்காக மருமகன் அங்கிருந்தபடி அதற்குக் காசு கட்டிக்கொண்டிருந்தார். இவர் ஒழுங்கைக்கே கதவைத் திறந்துவிட்டார். கலியாண வீட்டுக்குப் போடுகிற மாதிரிப் பிளாஸ்ரிக் கதிரைகளை முன் விறாந்தையில் அடுக்கினார். பெண்கள் வந்தால் இருக்க அடுக்களைப் பக்கம் பாய் விரித்திருக்கும். அஸர் தொழுதுவிட்டுச் சனம் வரும். கிழவிகள் லண்டன் மகனோடு கதைப்பார்கள், பொடியன்மார் விளையாட்டுப் பார்ப்பார்கள், வெளிநாட்டில் புருசன்மார் இருக்கிற பெண்கள் முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு மூலையில் கதைப்பார்கள். எல்லாருக்கும் தேத்தண்ணீர் ஊற்றிக் கொடுப்பார். அவருடைய பேத்தியின் பெயரைத்தான் மருமகன் அந்த லைனுக்கு வைத்திருந்தார். ஒழுங்கையில் எல்லாப் போனிலும் அந்தப் பிள்ளையின் பெயர் வரும், பக்கத்தில் ஒரு சின்ன விசிறி மாதிரி அடையாளம். நான் பள்ளிக்கூடம் போகாதவன், பெயரை வாசிக்கத் தெரியாது, விசிறியைத் தெரியும்.

எனக்குப் போன் இல்லை. நான் சும்மா போய் இருப்பேன்.

ஒருநாள் மருமகன் போன் எடுத்தார். லைனை நிற்பாட்டிவிடுங்கள் மாமா, உங்கள் போனுக்கு நானே இங்கிருந்து டேட்டா போட்டுவிடுகிறேன், அது போதும், வீண் செலவு என்றார். நியாயமான கதைதான். லைன் இவர் பெயரில் இருந்ததால் கல்முனையில் அலுவலகத்துக்கு இவரே போய்க் கையெழுத்து வைக்க வேண்டும். பல நாள் சாக்குச் சொல்லிக் கடத்திவிட்டு, கடைசியில் பெட்டியைச் சுவரிலிருந்து கழற்றிச் சீலைப் பைக்குள் போட்டுக்கொண்டு என்னையும் கூப்பிட்டார். ஓட்டோவில் போகும்போது பையை மடியில் வைத்திருந்தார், பிள்ளையை வைத்திருக்கிற மாதிரி.

அங்கே மேசையில் ஒரு பிள்ளை இருந்தா. முதலில் அந்தப் பிள்ளையை இவர் விசாரித்தார். எந்த ஊர், யாருடைய மகள், வாப்பா என்ன செய்கிறார். பிள்ளை சிரித்துச் சிரித்து எல்லாவற்றுக்கும் பதில் சொல்லிக்கொண்டு வேலையைப் பார்த்தா. பின்னால் நின்ற ஆட்கள் முனகினார்கள். கையெழுத்து வைத்தாயிற்று. பையிலிருந்து பெட்டியை எடுத்து மேசையில் வைத்தார். அவருடைய கை அதன்மேலேயே இருந்தது.

பிள்ளை அதைத் திருப்பிப் பார்த்தா. இது பழைய வகை, எங்களுக்குத் திருப்பித் தரத் தேவையில்லை அங்கிள், இனி இது உங்களுடையதுதான் என்றா. யாருக்காவது கொடுப்பதென்றால் பின்பக்கத்து ஓட்டைக்குள் ஊசியால் குத்திப் பழையதெல்லாவற்றையும் அழித்துவிட்டுக் கொடுங்கள், குப்பையோடு மட்டும் போடாதீர்கள், வேண்டாமென்றால் இங்கே கொண்டு வாருங்கள், அந்த மூலைப் பெட்டிக்குள் சேர்த்து அனுப்புவோம் என்று பொறுமையாகச் சொன்னா.

இவர் கேட்டது ஒன்றுதான்.

"மகள், லைன் இல்லாட்டியும் இதுல லைட் எரியுமா?"

"கரண்ட் குடுத்தா எரியும் அங்கிள்."

"போனுல அந்த விசிறி காட்டுமா?"

"காட்டும். ஆனா இன்டர்நெட் ஒண்டும் வராது."

"ஆனா காட்டும்."

"ஓம் அங்கிள், காட்டும்."

வெளியே வந்து எனக்குத் தேத்தண்ணீரும் வடையும் வாங்கித் தந்தார். அவ்வளவு சந்தோசத்துக்கு என்ன காரணம் என்று அப்போது எனக்கு விளங்கவில்லை.

வீட்டுக்கு வந்ததும் பெட்டியைப் பழைய இடத்தில் அறைந்தார். அஸருக்குப் பிறகு சனம் வந்தது. போனைத் தட்டிப் பார்த்தார்கள். விசிறி நிற்கிறது, ஒன்றும் ஓடவில்லை. காக்கா, லைன் ஏறுதில்லையே என்றார்கள். இவர் கேத்தலோடு வந்தார்.

"இப்ப வரும். இரிங்க."

அன்றைக்கு வரவில்லை. அடுத்த நாளும் வரவில்லை. இவர் ஒவ்வொரு நாளும் ஒரு காரணம் வைத்திருந்தார். ஒலுவில் துறைமுகத்தில் ஒரு கப்பல்காரன் நங்கூரத்தைப் போட்டுக் கடலுக்கடியில் போகிற கம்பியை அறுத்துவிட்டானாம். அது முடிந்தது, அம்பாறை றோட்டில் யானை வந்து தூணைச் சாய்த்துவிட்டது. யானைக் கதையை ஒரு கிழமை ஓட்டினார். எத்தனை யானை, அதில் கொம்பன் எத்தனை, தூணில் ஏறி நின்ற வேலைக்காரனுடைய சாரத்தை யானை எப்படி உருவியது என்று அவர் சொல்லச் சொல்லப் பொடியன்மார் போனை மறந்துவிட்டுக் கேட்டுக்கொண்டிருந்தார்கள். நல்லாகச் சொல்வார். எனக்கே யானை வந்ததாகத்தான் தோன்றியது, நான் அவரோடு கல்முனைக்குப் போய் வந்தவன்.

எல்லாரும் போன பிறகு, இது சரியில்லை மச்சான், சொல்லிவிடுங்கள் என்றேன். அவர் கோப்பைகளைக் கழுவிக்கொண்டிருந்தார். நாளைக்குச் சொல்றேன் என்றார். நாளைக்கும் அதையே சொன்னார். சனம் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைந்தது. ஆனாலும் நாலைந்து பேர் வந்துகொண்டிருந்தார்கள். வந்தவர்களை எண்ணிப் பார்க்காத மாதிரி எண்ணிப் பார்ப்பார்.

வந்தவர்களில் கிழக்கு வீட்டுப் பிள்ளையும் ஒன்று. ஒரு மதில்தான் இடையில். புருசன் சவூதியில் சாரதி. கைப்பிள்ளை ஒன்று. அந்தப் பிள்ளை லைன் இருந்த காலத்தில் ஒவ்வொரு அஸருக்கும் அடுக்களைப் பக்கத்தில் இருந்து புருசனோடு கதைக்கும், குழந்தையின் காலைப் போனுக்குக் காட்டும். லைன் ஓடாத நாட்களிலும் வந்து கொஞ்சம் பார்த்துவிட்டுப் போகும். இவரை மாமா என்றுதான் கூப்பிடும்.

எங்களுக்கெல்லாம் தெரியாத ஒரு விசயம் இருந்தது. கையில் காசுக்குப் போட்ட டேட்டா இருந்தாலும், பழகிய வைஃபை பக்கத்தில் நின்றால் சில போன் அதைத்தான் எட்டிப் பிடித்துக்கொள்ளுமாம். அதில் லைன் இருக்கிறதா இல்லையா என்று பார்க்காதாம். அந்தப் பிள்ளையின் போன் அப்படியான போன். வீட்டுக்குள் இருந்தாலும் மதிலைத் தாண்டி இந்தப் பெட்டியின் விசிறியைப் பிடித்துக்கொண்டு, இன்டர்நெட்டில் வருகிற ஒன்றையும் உள்ளே விடாமல் இருந்திருக்கிறது. பிள்ளை, கம்பி அறுந்ததால் எல்லாருக்கும் இப்படித்தான் என்று நினைத்திருக்கிறது. யார் சொன்னது, மாமா சொன்னது.

அந்த நாட்களில் புருசனைக் கொம்பனிக்காரர்கள் பாலைவனத்துக்குள் றோட்டுப் போடுகிற இடத்துக்கு அனுப்பியிருக்கிறார்கள். அங்கே போன் கோபுரம் ஒன்றும் இல்லை, மாதக்கணக்கில் கதைக்க முடியாது. போகும் முன்னம் பெண்சாதியோடும் குழந்தையோடும் ஒரு முறை கதைத்துவிட்டுப் போக மனுசன் எப்போதும் போல இன்டர்நெட்டில் விடாமல் எடுத்திருக்கிறான், காசுக்கு எடுக்க அங்கிருந்து கட்டுப்படியாகாது. ஏறவில்லை. வேண்டுமென்றுதான் எடுக்கவில்லையோ என்றும் நினைத்திருக்கிறான். கடைசியில் கூட இருந்த ஒரு மருதமுனை ஆளிடம், போய்விட்டேன் என்று சொல்லச் சொல்லிவிட்டு லொறியில் ஏறிவிட்டான். அந்த ஆளின் வீட்டிலிருந்து செய்தி வந்தது. பிள்ளை போனைத் தூக்கிக்கொண்டு கல்முனையில் போன் கடைக்கு ஓடியது. கம்பி ஒன்றும் அறுபடவில்லை, வெட்டின லைனைத்தான் போன் பிடித்துக்கொண்டு நிற்கிறது என்று கடைக்காரர் பார்த்த உடனேயே சொல்லிவிட்டார்.

அன்றைக்கு அஸருக்குப் பிறகு நான் விறாந்தையில் இருக்கிறேன். இரண்டு பொடியன்மாரும் ஒரு கிழவியும் லைனுக்குக் காத்திருந்தார்கள். இவர் சீனி எடுத்துக்கொண்டு வருகிறார். பிள்ளை கேற்றடியில் வந்து நின்றது. இடுப்பில் குழந்தை. உள்ளே வரவில்லை.

"மாமா, உங்கட லைன் வெட்டி எவ்வளவு நாள்?"

"வெட்டல்ல மகள். கம்பிதான்..."

"கல்முனையில சொல்லிட்டாங்க மாமா."

இவர் சீனிப் போத்தலைக் கதிரையில் வைத்தார். பிறகு அதை எடுத்து நிலத்தில் வைத்தார். பிள்ளை நடந்ததை முழுவதும் சொன்னது. சத்தம் போடவில்லை. சத்தம் போட்டிருந்தால் இவருக்கு நல்லாயிருந்திருக்கும்.

"நான் வீட்டுக்குள்ளதான் இரிந்தன் மாமா. போனையும் கையில வெச்சித்தான் இரிந்தன். அவர் எடுத்துக்கிட்டே இரிந்திரிக்கார்."

"இரிங்க மகள். உள்ள வந்து..." என்று தொடங்கினார். பாதியில் நின்றுவிட்டார்.

"இல்லெண்டு ஒரு வார்த்தை சொல்லியிரிக்கலாமே. லைன் இல்லாட்டி நாங்க வரமாட்டமா?"

அவர் அந்தப் பிள்ளையை நிமிர்ந்து பார்த்தார். குத்திக் கேட்கவில்லை. தெரியாத ஆள் வழி கேட்கிற மாதிரித்தான் கேட்டார்.

"வருவீங்களா?"

பிள்ளை குழந்தையை இந்த இடுப்பிலிருந்து அந்த இடுப்புக்கு மாற்றியது. வருவோம் என்று ஒரு சொல்லைச் சொல்லிவிட்டுப் போயிருக்கலாம். நான் என்றால் சொல்லியிருப்பேன். அந்தப் பிள்ளை பொய் சொல்லவில்லை. முக்காட்டைச் சரிசெய்துகொண்டு திரும்பிப் போய்விட்டது.

கிழவி எழும்பினா. பொடியன்மாரும் எழும்பினார்கள். ஒருவன் வாசலில் நின்று, "அப்ப அந்த யானை காக்கா?" என்று கேட்டான். மற்றவன் அவனைத் தள்ளிக்கொண்டு போனான். இவர் உள்ளே போய் வயரைப் பிடுங்கினார். பச்சை வெளிச்சம் எல்லாம் அணைந்தது. பிறகு வந்து கதிரைகளை ஒன்றுக்குள் ஒன்றாக அடுக்கத் தொடங்கினார். நான் இருந்த கதிரையை மட்டும் விட்டார்.

அடுத்த நாள் இரண்டு பேரும் மறுபடி கல்முனைக்குப் போனோம். வயரை அழகாகச் சுற்றி நூலால் கட்டியிருந்தார். அதே பிள்ளைதான் மேசையில். அது இவரை மறக்கவில்லை. ஊசியால் குத்தி அழித்தீர்களா அங்கிள் என்று கேட்டது. எனக்குத் தெரியாது, நீங்களே செய்யுங்கள் என்றார். பிள்ளை தன்னுடைய முக்காட்டு ஊசியைக் கழற்றி அந்தச் சின்ன ஓட்டைக்குள் குத்திப் பிடித்தது. மூலையில் ஒரு பெரிய மட்டைப் பெட்டி. அதற்குள் இதே மாதிரி வெள்ளைப் பெட்டிகள், கறுப்புப் பெட்டிகள், வயரும் வயருமாகச் சிக்கிக் கிடந்தன. அதற்குமேல் இவருடையதை வைத்தார்.

பிள்ளை கதைக்கத்தான் பார்த்தது. சாய்ந்தமருதில் எவடம் அங்கிள், எங்கள் பெரியம்மாவும் அந்தப் பக்கம்தான் என்றது. கடற்கரைப் பக்கம் என்று மட்டும் சொல்லிவிட்டு வெளியே வந்துவிட்டார். நான்தான் பெரியம்மா யார் என்று கேட்டுவிட்டுப் பின்னால் வந்தேன்.

அதற்குப் பிறகு அவர் நல்ல மனுசராகிவிட்டார். ஊரில் அப்படித்தான் சொன்னார்கள். கடைக்குச் சைக்கிள் கொண்டுபோனால் ஒரு நிமிசம் சுணங்கமாட்டார். ஓட்டையை ஒட்டி, நட்டை இறுக்கி, போங்க, வேலை இரிக்கும் என்று அனுப்பிவிடுவார். பள்ளிவாசலில் கையைக் கொடுத்த உடனே எடுத்துவிடுவார். காக்கா இப்பத்தான் திருந்தியிருக்கிறார் என்று சந்தோசப்பட்டார்கள். கடையில் வியாபாரமும் கூடியது. சும்மா சொல்லக்கூடாது, ஆட்கள் அவரைத் தேடி வந்தார்கள், அவர் ஒருவரையும் வைத்துக்கொள்ளவில்லை.

கிழக்கு வீட்டுப் பிள்ளையின் புருசன் பிறகு கோபுரம் உள்ள இடத்துக்கு வந்து கதைத்தான். கோபமெல்லாம் ஆறிவிட்டது. அந்தப் பிள்ளையும் கோபம் வைத்திருக்கவில்லை. பெருநாளைக்குச் சாப்பாட்டுக் கோப்பையில் புரியாணி கொண்டுவந்து கொடுத்தது. முந்தி என்றால் கோப்பையை ஒரு கிழமை வைத்திருப்பார், கேட்டு வரட்டும் என்று. அன்றைக்குப் பிள்ளை கேற்றடியில் நிற்கும்போதே புரியாணியைச் சட்டியில் கொட்டி, கோப்பையைக் கழுவித் துடைத்துக் கையில் கொடுத்துவிட்டார். பிள்ளை கொஞ்சம் நின்றது. உள்ளே வரச் சொல்லுவார் என்று நினைத்திருக்கும். வந்திருக்கும் என்றும் நான் நினைக்கிறேன்.

என்னைப் பற்றியும் ஒரு வார்த்தை. எனக்கும் பெண்சாதி இல்லை. மகள் வீட்டில் பின்பக்கத்து அறை. அங்கே எல்லாரும் நல்லவர்கள், எல்லாருக்கும் வேலை இருக்கிறது. மீன் பெட்டியை விட்ட நாளிலிருந்து நான் அஸருக்குப் போனால் இரவு இஷா வரைக்கும் அவருடைய விறாந்தைதான். பிறகு யோசித்துப் பார்த்தால், அந்த வருடங்களில் இரிங்க என்று அவர் எனக்குச் சொன்னதாக ஞாபகமில்லை. நான் எழும்பினால்தானே சொல்ல வேண்டும்.

அவர் மவுத்தாவதற்குக் கொஞ்ச நாளைக்கு முந்திய ஒரு பின்னேரம். இரண்டு பேரும் இருந்தோம். நான் இராப் படகுக்காரர் ஒருவரின் பழைய கதையைத் தொடங்கியிருந்தேன், நீளமான கதை, பாதிக்கும் வரவில்லை. அவர் மெதுவாகக் கதிரையிலிருந்து எழும்பினார். முழங்காலைப் பிடித்துக்கொண்டு கேற்றடி மட்டும் நடந்துபோய் அதைத் திறந்து பிடித்துக்கொண்டு நின்றார்.

"நீங்க போங்க மச்சான். மழை வரப்போகுது. வீட்டில தேடுவாங்க."

வானத்தில் ஒரு மேகமும் இல்லை. எங்கள் வீட்டில் என்னை யாரும் தேடமாட்டார்கள் என்பதும் அவருக்குத் தெரியும். நான் சாரத்தை இறுக்கிக் கட்டிக்கொண்டு, வேண்டுமென்றே மெதுவாக, ஒவ்வொரு கதிரையாகப் பிடித்துப் பிடித்துக் கேற்றடிக்கு நடந்தேன். இரிங்க என்று சொல்லுவார் என்று பார்த்தேன். அவர் ஸலாம் சொல்லிக் கையைக் கொடுத்தார், கொடுத்த உடனே எடுத்துவிட்டார்.

பொழுதுபட்டு மஃரிபுக்குப் பாங்கு சொல்ல இன்னும் நேரம் கிடந்தது. எங்கே போவது என்று தெரியாமல் ஒழுங்கையில் கொஞ்சம் நின்றேன். பிறகு கடற்கரைப் பக்கம் நடந்தேன்.